வாசல் வரை வந்த சுமை



"டோர் டெலிவரி" என்னும் ஆங்கிலத் தொடரைக் கேளாதவர் இன்று நம் நகரங்களில் இரார். கதவு வரை கொண்டுவந்து தருதல் என்பது அதன் பொருள். பொருள் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கதவு? தெருக்கதவா, கூடத்துக் கதவா, மூன்றாம் மாடியில் இருக்கும் அடுக்களையின் கதவா? இந்த வினாவை எழுப்பியவன் நான் அல்லன். சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவர் எழுப்பினார். அதுவும் நடுத்தெருவில், உச்சி வெயிலில், என்னைப் பார்த்து எழுப்பினார். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அன்று உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் நான் எண்ணியும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைத்தான் இப்போது உங்களிடம் கூறப் போகிறேன்.

என் தங்கை திருவல்லிக்கேணியில், ஒரு சந்தில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறாள். அவள் வாங்கிய சலவை இயந்திரம் வந்து சேர்ந்த நாளன்று நானும் அங்கே இருந்தேன். முன்புறம் வட்டக் கதவு வைத்த இயந்திரம் அது. எடை 70 கிலோ. நம் மக்கள் "குட்டியானை" என்று பெயரிட்டிருக்கும் சிறிய சரக்கு வண்டியில் அது வந்தது. ஓட்டுநர் ஒருவரே, உடன் ஆள் இல்லை. வண்டியின் பின்புறத்தில் பலகையைச் சாய்த்து, பெட்டியை மெல்லச் சரித்து இறக்கி, வாசற்படியின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, ரசீதை நீட்டினார்.

"மேலே வைத்துவிட்டால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றேன்.

"சார், ரசீதைப் பாருங்க. டோர் டெலிவரின்னுதான் போட்டிருக்கு. மாடி டெலிவரின்னு போடலையே" என்றார் அவர்.

எனக்குச் சினம் வந்தது. சிலிண்டர் கொண்டுவருபவர் அடுக்களை வரை வருகிறாரே, நீர் மட்டும் ஏன் வரக்கூடாது என்று வாதிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "சிலிண்டர் முப்பது கிலோ, சார். பிடிக்க மேலே வளையம் இருக்கு. இதுக்குப் பிடி எங்கே இருக்குன்னு நீங்களே காட்டுங்க" என்றார். நான் அந்தப் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தேன். நான்கு பக்கமும் வழவழப்பான அட்டை. விரல் நுழைய ஓரிடம் இல்லை.

அந்த வாதம் எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இத்தகைய வாதம் நம் தெருக்களில் தோன்றியது எப்படி என்று பார்ப்போம்.

என் இளமையில் பாரமான பொருள் எதுவும் தானாக வீடு தேடி வந்ததில்லை. வெளியூரிலிருந்து இரும்பு பீரோவோ கட்டிலோ வந்தால் அது லாரி ஆபீஸில் இறங்கும். தகவல் வந்ததும் வீட்டுத் தலைவர் அங்கே போவார்; மாட்டு வண்டியோ கைவண்டியோ பேசுவார்; சென்னையானால் மீன்பாடி வண்டி. கூலியாள் இருவரையோ மூவரையோ அமர்த்துவார். எத்தனை மாடி, படி குறுகலா, அகலமா என்றெல்லாம் அங்கேயே பேரம் நடக்கும். பேரம் கடுமையாகத்தான் இருக்கும். எனினும், சுமப்பது ஒரு தனி வேலை, அதற்குத் தனி ஆள், தனிக் கூலி என்பதை இரு தரத்தாரும் அறிந்திருந்தனர். பெரிய லாரி நுழையாத சந்துகளுக்குள் நுழையும் சிறிய வண்டிகள் வந்த பின் இந்த ஏற்பாடு மறைந்தது. குட்டியானை என்று பெயர் பெற்ற டாட்டா ஏஸ் வண்டி 2005 ஆம் ஆண்டில் வெளிவந்தது. லாரி ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த தொலைவை அது அழித்துவிட்டது. ஆனால் தெருவுக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே இருந்த தொலைவு அப்படியே நின்றது. முன்பு கூலியாள் நடந்த அந்த அறுபது படிகளும் இப்போது யார் கணக்கிலும் இல்லை. கடைக்காரர் விலையில் அது சேரவில்லை; வாடகையில் அது சேரவில்லை; வாங்குபவர் மனத்தில் மட்டும் அது இலவசமாகச் சேர்ந்துவிட்டது.

என் தங்கை கொடுத்த மோரை வாசற்படியில் அமர்ந்து அருந்தியபடியே ஓட்டுநர் தம் கதையைச் சொன்னார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வேறோர் ஊரில் சம்பளத்துக்கு வண்டி ஓட்டினார். ஒரு வீட்டில் இரும்பு பீரோவை இறக்கியபோது, "ஒரு கை கொடுப்பா" என்று வீட்டுக்காரர் கேட்டார். இவர் கீழ்ப்பக்கம் பிடித்தார். வீட்டுக்காரரின் மகன் மேற்பக்கம் பிடித்தான். ஒன்பதாவது படியில் பையனின் கை நழுவிற்று. பீரோ விழவில்லை, இவர் தம் உடலால் தடுத்து நிறுத்திவிட்டார். அன்றிரவே இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வது போன்ற வலி. முதுகெலும்பின் வட்டு விலகியிருக்கிறது என்றார் மருத்துவர். மூன்று மாதம் படுக்கை. வேலை கொடுத்தவரிடம் போனால், "உள்ளே தூக்கிப் போகும்படி உன்னிடம் யார் சொன்னது?" என்று கேட்டாராம். வீட்டுக்காரர் இருநூறு ரூபாய் கொடுத்தார். கூடவே, பெயர்ந்த தரைக்கல்லுக்கு யார் பணம் தருவது என்றும் கேட்டார்.

"ஒரு கை கொடுப்பது" எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் கணக்கிட்டுப் பார்க்கலாம். எளிய நெம்புகோல் கணக்கு போதும். பள்ளி மாணவர்களும் இதைப் போட முடியும்.

முதுகெலும்பின் அடியில், எலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை போல வட்டுகள் உள்ளன. நாம் குனிந்து பொருளைத் தூக்கும்போது அடிவட்டே தாங்குபுள்ளி. முன்னே, கைகளில் சுமை. பின்னே, அதைச் சமன் செய்யும் முதுகுத் தசை. சுமை தாங்குபுள்ளியிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கலாம். தசையோ ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. ஆதலால் 20 கிலோ சுமையைச் சமன் செய்யத் தசை 200 கிலோ விசையுடன் இழுக்க வேண்டும். இத்துடன் முடியவில்லை. குனிந்தவருடைய தலை, தோள், மார்பு ஆகியவையும் முன்னே தொங்குகின்றன. அவற்றின் எடை 35 கிலோ, தொலைவு 25 சென்டிமீட்டர் என்று கொண்டால் மேலும் 175 கிலோ. ஆக, 20 கிலோப் பெட்டி ஒன்றைக் கைநீட்டிக் குனிந்து எடுப்பவரின் தசை 375 கிலோ விசையுடன் இழுக்கிறது. அவ்வளவு அழுத்தமும் அந்தச் சிறு வட்டின்மேல் விழுகிறது. அமெரிக்க நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வட்டின்மேல் விழும் அழுத்தத்துக்கு 3400 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 350 கிலோ, என்ற எல்லையை வகுத்தது. 1991 ஆம் ஆண்டில் அது திருத்தி அமைத்த சூத்திரப்படி, எல்லாம் வசதியாக அமைந்த நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். பொருள் உடலைவிட்டு விலக விலக, உடல் திரும்பத் திரும்ப, அந்த 23 குறைந்துகொண்டே வரும். பிடி சரியாக இல்லாவிட்டாலும் குறையும். பிடி எங்கே என்று ஓட்டுநர் கேட்டாரே, அந்தச் சூத்திரமும் அதையே கேட்கிறது!

"ஒருவர் தூக்கினால்தானே கடினம்? இருவர் தூக்கினால் பாதிப் பாதி ஆகிவிடுமே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சமதரையில் அது உண்மை. படிக்கட்டில் உண்மையன்று. பொருளின் அடிப்பாகத்தை இருவரும் இரு முனையில் பிடித்து, படியின் சரிவுக்கு இணையாகச் சாய்த்துக்கொண்டு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். சாய்ந்தவுடன் பொருளின் புவியீர்ப்பு மையம் கீழே நிற்பவரை நோக்கி நகர்ந்துவிடுகிறது. எவ்வளவு நகரும் என்பது பொருளின் வடிவத்தைப் பொறுத்தது. படியின் உயரம் 16 சென்டிமீட்டர், அகலம் 25 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். மல்லாக்கக் கிடத்திய பீரோ இரண்டு மீட்டர் நீளமும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமும் உடையது. 100 கிலோவில் கீழே நிற்பவர் பங்கு 58, மேலே நிற்பவர் பங்கு 42. இது பரவாயில்லை. சலவை இயந்திரம் அப்படியன்று. அதன் அடிப்பாகம் 60 சென்டிமீட்டர். மையமோ 42 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. கணக்குப் போட்டால், 70 கிலோவில் கீழே நிற்பவர் தலையில் 66 கிலோ. மேலே நிற்பவர் கையில் 4 கிலோ! மேலே நிற்பவர் தாமும் தூக்குவதாக நம்பிக்கொண்டு படியேறுகிறார். இதைத் தவிர்க்கப் பொருளைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடிக்கலாம். அப்போது எடை சமமாகும். ஆனால் கீழே நிற்பவர் தம் பங்கை மார்புக்கு மேலே ஏந்த வேண்டும், மேலே நிற்பவர் முழங்கால் அளவுக்குக் குனிய வேண்டும். இரண்டும் முதுகுக்குத் தீங்கு. நழுவுதல் என்பது வந்துவிட்டால், அது எப்போதும் கீழே நிற்பவரை நோக்கித்தான் வருகிறது.

இவ்வியந்திரம் இத்தனை பாரமாக ஏன் இருக்கிறது என்று நான் வியந்ததுண்டு. உள்ளே கான்கிரீட் கட்டிகள் வைத்திருக்கிறார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஈரத் துணியுடன் உருளை சுழலும்போது இயந்திரம் அதிர்ந்து நகராமல் இருப்பதற்காக வைத்த பாரம் அது. நம் வீட்டில் அது நகராமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே, அதை நகர்த்துபவர் கல்லையும் சேர்த்துச் சுமக்கிறார்.

அப்படியானால் நம் முன்னோர் நெல் மூட்டையை எப்படிச் சுமந்தனர்? தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தனர். தலைச்சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே அமைகிறது. நெம்புகோலின் முன்கரம் இல்லாமற் போகிறது. கடினமானது அதை ஏற்றுவதும் இறக்குவதும்தான். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இன்றும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். இரு கற்களை நட்டு, தலையுயரத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். வழிப்போக்கர் பிறர் உதவியின்றி, குனியாமல், சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். மீண்டும் குனியாமல் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அந்த உயரத்தை வகுத்தவர் நெம்புகோல் விதியை ஏட்டில் படித்தவர் அல்லர். ஆனால் சுமந்தவர். நம் புதிய அடுக்குமாடிகளின் படிக்கட்டில், திருப்பத்துக்குத் திருப்பம், பாரத்தைச் சற்றே வைத்து எடுக்க ஒரு மேடை கட்டிய கட்டடக் கலைஞர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று சட்டம் பயின்ற நண்பர் ஒருவரிடம் கேட்டேன். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், காயம் விளைவிக்கத்தக்க அளவு பாரத்தை எவரையும் தூக்கச் செய்யலாகாது என்று விதித்தது. ஆனால் அது தொழிற்சாலையின் சுவர்களுக்குள் மட்டும். 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. ஓட்டுநர் முதுகைப் பற்றி அதில் பேச்சில்லை. இவ்விரண்டையும் 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொகுப்புச் சட்டம் தன்னுள் அடக்கிக்கொண்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967 ஆம் ஆண்டில் சுமையின் உச்ச எடை பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. அதனுடன் வெளியிட்ட பரிந்துரையில், வயது வந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று கூறிற்று. இந்தியா அந்த உடன்படிக்கையை 2010 இல் ஏற்றது. தமிழ்நாட்டில் சுமை தூக்குவோர் முதலிய உடலுழைப்பாளர்க்காக 1982 இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. இவ்வளவும் இருக்க, திருவல்லிக்கேணிப் படிக்கட்டில் ஓட்டுநர் எந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கிறார்?

1923 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுக்கு ஒரு சொற்றொடர் அடிப்படையாக இருந்து வருகிறது: காயம் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்டதற்காகக் கைகொடுத்தது வேலையா, உபகாரமா? உபகாரம் என்று ஒருவர் வாதிடலாம். அன்று அவரிடம் அப்படித்தான் வாதிட்டனர். இப்போது அவர் சொந்த வண்டிக்காரர். அவருக்கு முதலாளி அவரே. ஆகவே இழப்பீடு கேட்பதற்கும் ஆள் இல்லை. இது முறையன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

உடல்நலம் ஒன்றே அவர்களுடைய கவலை என்று எண்ணிவிடாதீர்கள். வண்டியில் இன்னும் பதினான்கு வீட்டுப் பொருள்கள் இருந்தன. மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்கும் அரைமணி நேரம் அந்த வண்டி தெருவில் காவலின்றி நிற்கும். ஒரு பெட்டி குறைந்தால் அவர் கணக்கு. போக்குவரத்துக் காவலர் அபராதம் விதித்தாலும் அவர் கணக்கு. சுவரில் கீறல் விழுந்தால் யார் கொடுப்பது? இயந்திரத்தின் மூலை நசுங்கினால், அது கடையிலேயே நசுங்கியதா, வழியிலா, படியிலா? கையெழுத்துப் பெறும் வரை பொருள் அவருடைய பொறுப்பு. ஆகையால்தான் அந்தக் கையெழுத்தைத் தெருவிலேயே பெற்றுவிட அவர் துடிக்கிறார். ஆகையால்தான் நானும் அதை மாடிக்குப் போகும் வரை தர மறுத்தேன். இருவர் அச்சமும் ஒன்றே.

வேறொரு கவலையை அவர் சற்றுத் தயங்கித்தான் சொன்னார். வீட்டுக்குள் நுழைந்து வந்த பிறகு ஏதேனும் காணவில்லை என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் உள்ளே வந்துபோன வேற்றாள்தான். "வாசலோட நின்னா பேர் கெடாது, சார்" என்றார்.

மின்தூக்கி உள்ள கட்டடங்களில் தொல்லை இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். பல கட்டடங்களில் காவலாளி முதலில் சொல்வது, "சாமானை லிப்டிலே ஏத்தக் கூடாது" என்பதாம். ஆறு பேர் ஏறும் மின்தூக்கியினுள் 408 கிலோ என்று எழுதியிருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கு அது. சலவை இயந்திரம் ஓர் ஆளுக்குச் சமம். மின்தூக்கிக்கு அது சுமையே அன்று. கீறல் விழுமே என்ற கவலைக்காக ஒரு மனிதர் முதுகில் அதை ஏற்றுகிறோம்.

அமெரிக்க நாட்டுச் சரக்கு நிறுவனங்கள் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. வாடகை என்றால் வண்டியின் பின்பலகை வரைதான். பலகையிலிருந்து தரைக்கு இறக்கும் பொறிக்குத் தனிக் கட்டணம். வீட்டுப் பகுதிக்கு வருவதற்குத் தனிக் கட்டணம். வாசலைத் தாண்டி உள்ளே வைப்பதற்கு மற்றொரு கட்டணம். கேட்பதற்குக் கறாராகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே வேலை முடிகிறது என்பது புறப்படும்போதே இரு தரத்தார்க்கும் தெரியும். ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் இன்னும் ஒரு படி முன்னே சென்றனர். அந்நகரின் பழைய வீடுகளில் படிக்கட்டு மிகக் குறுகல். எனவே வீட்டு முகப்பின் உச்சியில் ஓர் உத்தரத்தை வெளியே நீட்டி, கொக்கி மாட்டி, கயிற்றால் பாரத்தை இழுத்துச் சன்னல் வழியே உள்ளே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தனர். வீடு கட்டும்போதே பீரோவையும் நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

திருவல்லிக்கேணி வீட்டில் அத்தகைய உத்தரம் ஏதும் இல்லை. தெருமுனையில் நின்ற சுமைதூக்கும் தொழிலாளர் மூவரை அழைத்துவந்தேன். எண்ணூறு ரூபாய் பேசினோம். அவர்களுள் ஒருவர் அகலமான துணிப் பட்டையால் இயந்திரத்தைத் தம் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முன்னே சாய்ந்து படியேறினார். ஒருவர் பின்னே தாங்கினார். மற்றவர் திருப்பங்களில் மூலையைக் காத்தார். பாரம் முதுகை ஒட்டியிருந்ததால் நெம்புகோலின் கரம் குறுகிவிட்டது. சும்மாட்டின் தத்துவந்தான் இதுவும். திறமையான வேலை. எனினும் அந்த ஒருவர்மேல் 55 கிலோவுக்கு மேல் இருந்தது என்பதை நான் அப்போதே அறிவேன். அறிந்துகொண்டே பின்னால் ஏறினேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அவர்கள் புறப்படுமுன் நான் தெருவிலேயே ரசீதில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். ஓட்டுநர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பலகையை வண்டிக்குள் தள்ளிக் கட்டினார். அடுத்தது பெரம்பூர். ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டி. வண்டியைக் கிளப்புமுன் கைப்பேசியை எடுத்து அவ்வீட்டாரை அழைத்தார்.

"சார், சாமான் வந்துக்கிட்டிருக்கு. எத்தனாவது மாடி, சார்?"

மறுமுனையில் என்ன கூறினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆள் ரெண்டு பேரைச் சொல்லி வெச்சிடுங்க, சார்" என்று சொல்லிவிட்டு, வண்டியைச் சந்திலிருந்து பின்னோக்கி எடுக்கத் தொடங்கினார்.